ஒற்றைக் காதுச் சட்டி

புது அடுப்பு வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. இந்த ஒன்பது நாளில் அது ஒரு வாய் சோறுகூட ஆக்கித் தரவில்லை. கத்தியது, அவ்வளவுதான்.

“பீப்... பீப்... பீப்...”

“போதும்டா சாமி, நிறுத்து!” என்று அம்மா பொத்தானை அழுத்தினாள். அடுப்பு கடைசியாக இன்னொரு ‘பீப்’ சொல்லிவிட்டு அடங்கியது.

“கடைசி வார்த்தை அதோடதாத்தான் இருக்கணுமாம்மா,” என்றாள் சுண்டு.

அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலின் ஷூவைக் கழற்றினாள். இன்னொரு காலின் ஷூவைக் கழற்ற மறந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் களைப்பைச் சுண்டு ஷூவை வைத்துத்தான் அளப்பாள். இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டால் சாதாரணக் களைப்பு. ஒன்றோடு நின்றுவிட்டால் பெரிய களைப்பு. இந்த ஒன்பது நாளும் ஒற்றை ஷூதான்.

சுண்டுவுக்குப் பத்து வயது. பிறந்த அன்று அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவே இல்லையாம். அதனால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு நீளமான பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த போர்வைகள் ஈரமும் கனமுமாக மலைபோல் வந்து குவியும். ஒவ்வொன்றாக எடுத்து உதறி, இஸ்திரி இயந்திரத்தின் வாயில் விட வேண்டும். விடியும் முன்னே போனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வீடு.

அவர்கள் இருந்தது ஆறு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. அங்கே எல்லாருக்குமே ஏதோ ஒரு ஷிப்டு வேலை. படிக்கட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார்கள், கொட்டாவி விடுவார்கள்.

கட்டடத்தின் காஸ் குழாய் பழசாகிவிட்டது என்று அதை வெட்டிவிட்டார்கள். பதிலுக்கு வீட்டுக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது. நெருப்பு கிடையாது, புகை கிடையாது. அம்மாவின் அலுமினியக் குண்டானை அதன்மேல் வைத்தால் உடனே கத்தல். அம்மா போய் ஒரு பளபள எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வந்தாள். அதற்கும் அதே கத்தல்.

அன்றும் அவர்கள் ரொட்டிதான் சாப்பிட்டார்கள். ஒன்பதாவது நாள் ரொட்டி.

சாப்பிட்டபின் சுண்டு டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா போனில் பேசுவது கேட்டது.

“அக்கா, என்னால முடியல... நான் எதையாவது தின்னுட்டுப் படுத்துருவேன். பிள்ளை வளர வேண்டாமா? ரொட்டியாத் தின்னு தின்னு முகமே ரொட்டி மாதிரி வெளுத்துப் போச்சு... ஞாயித்துக்கிழமை நீயே வந்து பாரு. கூட்டிட்டுப் போறதா இருந்தா போ. நல்ல சோறு கிடைக்கிற இடத்துல இருக்கட்டும்.”

டம்ளர் எப்போதோ காய்ந்துவிட்டது, சுண்டு துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியம்மா நல்லவர்தான். ஆனால் பெரியம்மா வீட்டுக்கு ரயிலில் முழுதாக ஓர் இரவு போக வேண்டும். அங்கே போய்விட்டால், தினமும் நாலு மணிக்கு அம்மா எத்தனை ஷூவைக் கழற்றினாள் என்று யார் பார்ப்பது?

அன்று வியாழக்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். பென்சில் உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தபோது மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே மடித்து வைத்த காகிதம் கண்ணில் பட்டது. அடுப்போடு வந்த காகிதம் அது. மேசை ஆடாமல் இருக்க அம்மாதான் எட்டாக மடித்து வைத்திருந்தாள்.

அதன் ஓரத்தில் பாதிப் படம் தெரிந்தது. குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒன்று.

‘இதைப் போன வாரம்தானே அறிவியல் வகுப்பில் பார்த்தோம்!’

சுண்டு காகிதத்தை உருவினாள். மேசை சாய்ந்தது. பென்சில் பெட்டி, அழிப்பான், அளவுகோல் எல்லாம் வரிசையாக உருண்டு விழுந்தன. அவள் கவலைப்படவில்லை.

காகிதத்தில் எழுத்து எறும்புக் கூட்டம் மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. ஆனால் படம் தெளிவாக இருந்தது. ஒரு பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ‘சரி’ என்று ஒரு குறி. இன்னொரு பாத்திரத்திலிருந்து காந்தம் கீழே விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பெரிய பெருக்கல் குறி.

“அப்போ அடுப்பு கெட்டுப் போகல! காந்தம் ஒட்டினாத்தான் அது வேலை செய்யும்!”

நான் இல்லாதபோது அடுப்பைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். சுண்டு தொடவில்லை. குளிர்பெட்டியின் கதவில் பள்ளி நேர அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டு காந்தத்தைத்தான் தொட்டாள். சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி, ஒரு கால் உடைந்த வண்டு.

அலுமினியக் குண்டானின் அடியில் வைத்தாள். வண்டு வழுக்கி விழுந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. டம்ளர், தட்டு, பால் பாத்திரம், எதிலும் நிற்கவில்லை.

ஜன்னல் கம்பியில் ‘டக்’ என்று ஒட்டியது. கதவுக் கீலில் ஒட்டியது. அம்மாவின் கத்தரிக்கோலில் ஒட்டியது.

“நல்ல வண்டுதான் போ. கதவைக் கழட்டி அடுப்புல வெக்கவா முடியும்?” என்று அதைத் திட்டினாள் சுண்டு.

அப்போதுதான் கீழே படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் குவியல் நினைவுக்கு வந்தது. வண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆறு மாடியும் இறங்கி ஓடினாள்.

அங்கே ஊர்ப்பட்ட பாத்திரம் கிடந்தது. சின்னது, பெரியது, கறுப்பு, வெள்ளை, மூடி உள்ளது, மூடி இல்லாதது. புது அடுப்பு வந்த பிறகு கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கொண்டுவந்து போட்டவை. பழைய இரும்பு லாரி சனிக்கிழமை சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார் சாவி மாமா. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். இடுப்பில் அறுபது சாவி தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வந்துவிடும்.

“என்ன சுண்டு? இங்க என்ன தேடற?”

“சும்மா பாக்கறேன் மாமா.”

“பாரு, பாரு. பாக்கறதுக்குக் கால் வலிக்காது.”

சுண்டு ஒவ்வொன்றாக வண்டை வைத்துப் பார்த்தாள். விழுந்தது. விழுந்தது. விழுந்தது. ஓரத்தில் உடைந்த ஒரு நீல எனாமல் பாத்திரம். கிட்டே கொண்டுபோனதுமே வண்டு அவள் விரலிலிருந்து தாவிப் போய் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது.

சரியான அளவு! இரண்டு பேருக்கு, ஏன், பெரியம்மாவையும் சேர்த்து மூன்று பேருக்கே சோறு ஆக்கலாம். சுண்டு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அதுவா? அது மூணாவது மாடி பஸ் அக்காவோடது. நேத்துத்தான் போட்டுட்டுப் போனாங்க. வேணும்னா எடுத்துக்கோ. யாரு கேக்கப் போறா?” என்றார் சாவி மாமா.

நேரம் பார்த்து வெளிக்கதவு திறந்தது. பஸ் அக்காவே வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

“என்ன அக்கா, பிஸ்கட்டா?” என்று கேட்டார் சாவி மாமா.

“காலையில பிஸ்கட், மத்தியானம் பிஸ்கட், ராத்திரியும் பிஸ்கட். இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா என்னையே டீயில தொட்டுச் சாப்பிடலாம்,” என்று சொல்லிவிட்டு அக்கா கைப்பிடியைப் பிடித்துப் படியேறத் தொடங்கினாள்.

சுண்டு பாத்திரத்தைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் அது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வரும்போது அடுப்பில் சோறு கொதிக்கும். அக்காவுக்குத் தெரியவே போவதில்லை.

அக்கா நாலு படி ஏறிவிட்டாள். ஐந்து. ஆறு. ஒவ்வொரு படியிலும் பிஸ்கட் பொட்டலம் சரக் சரக் என்றது.

அந்தச் சத்தத்தைச் சுண்டுவால் தாங்க முடியவில்லை.

“அக்கா! உங்க பாத்திரம் நல்லாத்தான் இருக்கு! இது புது அடுப்புல வேலை செய்யும்!”

பஸ் அக்கா திரும்பினாள். சுண்டு காகிதத்தைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள், வண்டை ஒட்டிக் காட்டினாள். அக்காவே வண்டை வாங்கி இழுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாவி மாமாவின் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, பழைய பாத்திரம் எதுவுமே ஆகாதுன்னு யாரு சொன்னது?”

சாவி மாமா சாவிகளை எண்ண ஆரம்பித்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“அது வந்து... அன்னிக்கு லிப்ட் வேலை செய்யல. அடுப்பைத் தூக்கிட்டு ஒவ்வொரு மாடியா ஏறினேன். முதல் மாடியில முழுசாச் சொன்னேன். ‘காந்தம் ஒட்டற பாத்திரம் ஆகும், மத்ததெல்லாம் ஆகாது, அடி தட்டையா இருக்கணும்’னு அழகாச் சொன்னேன். ரெண்டாவது மாடியில கொஞ்சம் மூச்சு வாங்கிச்சு. தட்டையை விட்டுட்டேன்.”

“மூணாவது மாடியில?”

“காந்தத்தை விட்டுட்டேன்.”

“ஆறாவது மாடிக்கு வந்து, ‘பழசு ஆகாது’ன்னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு எங்க வீட்டுச் சுவத்துல சாஞ்சுட்டீங்க மாமா,” என்றாள் சுண்டு.

“முதல் மாடிக்காரங்களுக்கு முழுசாத் தெரியுமே. அவங்க ஏன் போட்டாங்க?” என்று கேட்டாள் பஸ் அக்கா.

“மேல இருக்கிற எல்லாரும் போடறாங்களேன்னு போட்டாங்க,” என்றார் சாவி மாமா பரிதாபமாக.

பஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கூட்ட நெரிசலில் ‘உள்ளே தள்ளிப் போங்க’ என்று கத்திக் கத்திப் பழகிய குரலில், படிக்கட்டைப் பார்த்து ஒரு போடு போட்டாள்.

“எல்லாரும் கீழ வாங்க! உங்க சட்டி பானையெல்லாம் உயிரோடதான் இருக்கு!”

கதவுகள் திறந்தன. கொட்டாவிகள் இறங்கி வந்தன. தூங்கி எழுந்த நர்ஸ், சோப்பு நுரையோடு தையல்காரர், ஒரு கையில் குழந்தையோடு ஒருவர். சுண்டு ஒரு படியில் உட்கார்ந்துகொண்டு வண்டை வைத்து வைத்துப் பார்த்தாள்.

“ஒட்டுது, எடுத்துட்டுப் போங்க. இது ஒட்டல, லாரிக்கு. இது ஒட்டுது...”

“டாக்டரம்மா, என் வாணலியையும் கொஞ்சம் பாருங்க. பிழைக்குமா?” என்றார் தையல்காரர். எத்தனையோ நாள் கழித்து அந்தப் படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒட்டியவை வீடு போய்ச் சேர்ந்த பிறகு, அவற்றில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஆள் வரவில்லை. கன்னங்கரிய இரும்புச் சட்டி. அடி தட்டை, தடிமன் ஒரு விரல், மேலெல்லாம் துரு. இரண்டு காதில் ஒன்று உடைந்து போயிருந்தது. வண்டு அதில் அப்படி ஒட்டியது, நகத்தால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

“யாரோ குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. இதை நகர்த்தவே என்னால ஆகல. இந்தச் சனியன் லாரிக்குத்தான்,” என்றார் சாவி மாமா.

பஸ் அக்கா சுண்டுவைப் பார்த்தாள். “எல்லாருக்கும் வைத்தியம் பாத்தியே, உனக்கு என்ன கிடைச்சுது?”

“எங்க வீட்ல எதுவும் ஒட்டலக்கா.”

அக்கா நீலப் பாத்திரத்தை அவள் கையில் வைத்தாள். “நாளைக்கு நான் முழு நாளும் பஸ்ல. நீங்க சமைச்சுச் சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை காலையில குடுத்தாப் போதும். அன்னிக்கு எனக்கு லீவு. பத்து நாள் பசிக்கும் சேத்து ஆக்கப் போறேன்.”

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கூடுதல் வேலை, இரவு வந்ததும் படுத்துவிட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மா வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றவிடாமல் சுண்டு அவளைச் சமையலறைக்கு இழுத்தாள். நீலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். அம்மா பொத்தானை அழுத்தினாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கத்தவில்லை! சிவப்பு எண் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழி வந்தது.

“அடிப்பாவி, நிஜமாவே கொதிக்குதே!” என்று அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அரிசியைக் களைந்து போட்டாள். பிறகு பிடிதுணியால் பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, ஒரு சுழற்று சுழற்றி, திரும்ப வைத்தாள். போய் நாற்காலியில் சாய்ந்தாள்.

அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் அரிசி அரிசியாகவே இருந்தது. அடுப்பு எப்போதோ அணைந்து போயிருந்தது.

“நீ தூக்கினேல்லம்மா, அப்ப அணைஞ்சிருக்கும். பாத்திரம் எழுந்தா அதுவும் நின்னுடும் போல.”

“அப்படியா? சரி, தூக்கல.”

மறுபடி வைத்தார்கள். மறுபடி கொதித்தது. அம்மா காய் நறுக்கிக்கொண்டே வந்தாள், துணியை எடுத்தாள், பாத்திரத்தைத் தூக்கிச் சுழற்றினாள்.

“அம்மா!”

“ஐயோ!” அம்மா தன் கைகளைப் பார்த்தாள். “நான் தூக்கலடி. கை தானாத் தூக்குது. இருபது வருஷமா அடிப்பிடிக்கக் கூடாதுன்னு தூக்கித் தூக்கி ஆட்டின கை. தலைக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

வெந்தும் வேகாமலும் இருந்த அந்தச் சோற்றை இரண்டு பேரும் ஒரு வாய் தின்றார்கள். கல் கல்லாகக் கடிபட்டது. அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். சுண்டுவின் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக் கட்டிலில் அடுக்கினாள். ஆஸ்பத்திரிப் போர்வையை மடிப்பதுபோல் மூலைக்கு மூலை சரியாக மடித்தாள்.

“ரெண்டு மாசம்தான் சுண்டு. அம்மா கொஞ்சம் நிமிர்ந்துக்கறேன், அப்புறம் வந்து கூட்டிட்டு வந்துடறேன்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சுண்டுவுக்குக் கண் எரிந்தது. ஆனால் அவள் யோசித்துக்கொண்டிருந்தது சட்டையைப் பற்றி இல்லை, அம்மாவின் கையைப் பற்றி. பாத்திரத்தைக் கண்டால் அந்தக் கை தூக்கும். சொன்னால் கேட்காது. தூக்க முடியாத பாத்திரமாக இருந்தால்?

“அம்மா, ஒரு நிமிஷம்!”

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது!

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள். வாசலில் சாவி மாமாவும் லாரிக்காரரும் இரும்புச் சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முக்கி முனகி, வண்டியின் விளிம்பு வரை ஏற்றியிருந்தார்கள்.

“நிறுத்துங்க! அது எனக்கு வேணும்!”

“ஏம்மா, விளையாடறியா? இதை இங்க வரைக்கும் தூக்கறதுக்குள்ள என் இடுப்பே போச்சு!” என்றார் லாரிக்காரர்.

“அதான் எனக்கு வேணும்! தூக்க முடியாததுதான் வேணும்!”

லாரிக்காரர் சாவி மாமாவைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

“அது டாக்டரம்மா. சொன்னாக் காரணம் இருக்கும்,” என்றார் சாவி மாமா. பிறகு மெதுவாகக் கேட்டார், “ஆமா, எத்தனாவது மாடிக்குப் போகணும்?”

“எங்க வீட்டுக்குத்தான் மாமா.”

“ஆறு...” என்றார் சாவி மாமா. அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது. லிப்ட் இன்னும் சரியாகவில்லை.

மூன்று பேரும் தூக்கினார்கள். முதல் மாடியில் சாவி மாமா லிப்டைத் திட்டினார், அடுப்பைத் திட்டினார், சட்டியைச் செய்த கொல்லனையும் திட்டினார். இரண்டாவது மாடியில் கொல்லனை விட்டுவிட்டார். மூன்றாவதில் லிப்டை மட்டும் திட்டினார். ஐந்தாவதில் “அம்மாடி” என்றார். ஆறாவது மாடியில் பேச்சே இல்லை. அன்றுபோலவே சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இதென்னடி, யானைக்குட்டியைக் கூட்டிட்டு வந்திருக்க?” என்று கேட்டாள் கதவைத் திறந்த அம்மா.

சுண்டு தரையில் உட்கார்ந்து கம்பி நாரால் துருவைத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். கழுவித் துடைத்து எண்ணெய் தடவியதும் சட்டி கரும்பளபளப்பாக மின்னியது.

“ஒரு காது இல்லையே, எப்படித் தூக்கறது?” என்று அம்மா இழுத்துப் பார்த்தாள். சட்டி அசையவில்லை.

“தூக்கவே வேண்டாம்மா. அதுக்குத்தான் இது.”

அம்மா தன் கையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

காது இருந்த பக்கம் அம்மா. உடைந்த பக்கம் அடியில் துண்டை மடித்துக் கொடுத்துச் சுண்டு. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லித் தூக்கி, கண்ணாடிமேல் முட்டையை வைப்பதுபோல் மெல்ல வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுண்டு நீலப் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு அம்மா சட்டியில் அரிசி, பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினாள். அடுப்பில் கடிகாரம் மாதிரி ஒரு படம் இருந்தது. அதை அழுத்தினால் இத்தனை நிமிடம் கழித்துத் தானே அணைந்துவிடும் என்று சுண்டு காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். அம்மா நாற்பது நிமிடம் வைத்தாள்.

கொதி வந்தது. அம்மாவின் கை துணியை எடுத்துக்கொண்டு போனது. இழுத்தது. சட்டி ‘போடி’ என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. கை திரும்பி வந்தது. இன்னொரு தடவை போனது, திரும்பி வந்தது. மூன்றாவது தடவை போகவில்லை.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.

கதவு தட்டும் சத்தம். பெரியம்மா! ஆறு மாடி ஏறிய மூச்சிரைப்பு, தோளில் ஒரு பெரிய காலிப் பை.

“ஷ்ஷ்... அம்மா தூங்கறாங்க பெரியம்மா.”

“இந்த நேரத்துல தூக்கமா? சமையல் ஆச்சா?”

“ஆயிட்டிருக்கு.”

“யாரு பண்றா?”

“யாரும் பண்ணல.”

பெரியம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். குனிந்து சட்டிக்கு அடியில் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். “நெருப்பே இல்லையேடி! ஆனா வாசனை வருதே!”

“பீப்... பீப்... பீப்...”

அம்மா தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். “கத்துது! கத்துது!”

“இல்லம்மா, வெந்துடுச்சுன்னு சொல்லுது.”

மூடியைத் திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. சோறு மல்லிகைப் பூ மாதிரி மலர்ந்திருந்தது. மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் வாயை வாயில் வைத்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியம்மா, “எனக்கு இவ்வளவு போதும்,” என்று சொல்லிச் சொல்லி மூன்று தடவை வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்த பெரியம்மா, கட்டிலில் அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தார். பையை விரித்தார்.

“சரி, கிளம்பலாமா சுண்டு? துணியெல்லாம் இவ்வளவுதானா?”

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் சுண்டுவிரல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பிடிக்கவில்லை. காத்திருந்தாள்.

“இல்லக்கா,” என்றாள் அம்மா. “அவ வரல.”

“ஏன்டி? போன்ல நீதானே...”

“அந்தச் சட்டிக்கு ஒரு காது இல்லக்கா. அவ இல்லாம அந்தப் பக்கம் யாரு பிடிக்கறது?”

பெரியம்மா நம்பவில்லை. போய்ச் சட்டியைத் தானே தூக்கிப் பார்த்தார். பாதிச் சோறு காலியான பிறகும் அது அசையவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “ரெண்டு பேரு வேணும்தான்.”

சுண்டு சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அம்மா மடித்த அளவுக்கு மூலை சரியாக வரவில்லை. பரவாயில்லை.

“பெரியம்மா, உங்க வீட்ல காஸ் அடுப்புதானே?” என்று கேட்டாள். பதில் வருவதற்குள் அலுமினியக் குண்டானையும், எவர்சில்வர் பாத்திரத்தையும், பால் பாத்திரத்தையும் கொண்டுவந்து பையில் வைத்தாள்.

சாயங்காலம் பெரியம்மாவின் பை கடமுடா என்று சத்தம் போட்டுக்கொண்டு, நல்ல கனமாகத்தான் ஆறு மாடியும் இறங்கிப் போனது. அதில் சுண்டுவின் கைக்குட்டைகூட இல்லை.